சிறுவிடைக் குஞ்சு வாங்கிய இடம்: வடமதுரைப் பக்கம் ஒரு சின்னப் பண்ணை

வீட்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, நம்பி எங்கே குஞ்சு வாங்குவது என்பதுதான். சிறுவிடை என்ற சின்ன உருவ நாட்டுக்கோழிக் குஞ்சை நான் வாங்கிய இடம் திண்டுக்கல் மாவட்டம் வடமதுரைக்குப் பக்கத்தில், திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமம். கணவன், மனைவி இருவர் மட்டும் பார்த்துக்கொள்ளும் சின்னப் பண்ணை. இருக்கிற கிராக்கிக்கே குஞ்சு போதவில்லை, பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் அண்ணன், அக்கா என்றே எழுதுகிறேன். அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால், உங்கள் பக்கத்திலும் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிக்க முடியும்.

நான் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்சம்மா என்பார்கள். கர்ப்பிணிப் பெண்களிடம் தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொல்வதும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும் என் வேலை. கோழி வாங்கப் போன இடத்திலும் என் கண் முதலில் போனது மருந்து வைக்கும் பெட்டிக்குத்தான். இந்தப் பண்ணை எனக்குப் பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் அந்தப் பெட்டி.

எங்கள் பக்கம் குஞ்சு கிடைக்காமல் இல்லை. வியாழக்கிழமை விடிவதற்குள் அய்யலூர் சந்தைக்குப் போனால் ஆடும் கோழியும் குவிந்து கிடக்கும். கறிக்கு வாங்க அது நல்ல இடம். வளர்க்க வாங்குவது வேறு. எங்கெங்கோ இருந்து வந்த கோழிகள் காலைக் கட்டி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு ஊரில் சீக்கு தலைகாட்டினால், சாவதற்கு முன் விற்றுவிடுவோம் என்று நான்கு பேராவது சந்தைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பார்க்கும்போது நன்றாக இருக்கும் பெட்டை, வீட்டுக்கு வந்து நான்காம் நாள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு மூலையில் நிற்கும்.

தெருவுக்கு வரும் கூடைக்காரர்களிடம் இருப்பவை பெரும்பாலும் கலர் குஞ்சுகள். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும்போது சேவல் குஞ்சுகள் அவர்களுக்குத் தேவைப்படாது. அவற்றுக்குத்தான் பச்சை, ரோஸ் சாயம் ஏற்றி விற்கிறார்கள். குழந்தை அழுகிறதே என்று வாங்கித் தருகிறோம். அத்தனையும் சேவல், அதிலும் பாதி ஒரு வாரம் தாண்டாது. சாயம் போடாமல் பழுப்பாகக் கொண்டுவந்து "நாட்டுக்கோழி, எல்லாம் பொட்டை" என்று விற்பவர்களும் உண்டு.

மூன்றாவது வழி போன். வீடியோவில் அழகான சேவல் ஒன்று நிற்கும். முன்பணம் அனுப்பினால் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம் என்பார்கள். நேர்மையாக அனுப்புபவர்கள் இருக்கலாம். ஆனால் தாய்க்கோழியைப் பார்க்காமல் குஞ்சு வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பொரித்த குஞ்சு வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருவை வைத்து இரண்டு மூன்று நாள் தாங்கும் என்பது உண்மைதான், அதனால்தான் ஒரு நாள் குஞ்சை வெளியூருக்கு அனுப்ப முடிகிறது. சித்திரை வெயிலில் பஸ் டிக்கியில் வருவதைத் தாங்கும் என்று அதற்கு அர்த்தமில்லை.

கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வழி நல்ல வழி. மாதவரத்திலும் நாமக்கல்லிலும் சொல்லிவைத்து வாங்கலாம். நந்தனம் கோழி அவர்கள் உருவாக்கியதுதான். ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூருவின் கிரிராஜா எல்லாமே நல்ல இனங்கள். முட்டைதான் முக்கியம் என்றால் கிராமப்பிரியாவையே வாங்குங்கள், நாட்டுப் பெட்டையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடும். ஆனால் இவை அடை படுப்பது அபூர்வம். கடையிலிருந்து மறுபடி மறுபடி குஞ்சு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது, தானே அடை படுத்து, தானே பொரித்து, பருந்து நிழல் பட்டதும் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும் கோழி. அதற்குச் சிறுவிடைதான். பெட்டை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது, முட்டையும் 40 கிராமுக்குள்தான், வருஷத்துக்கு அறுபது எழுபது இட்டால் அதிகம். ஆனால் கீரி, மரநாய், தெருநாய் எல்லாவற்றுக்கும் தப்பிக்கத் தெரிந்தது அதுதான். பெரிய உருவ நாட்டுக்கோழியான பெருவிடை பார்க்க ராஜா மாதிரி இருக்கும், தீனியும் அப்படித்தான் கேட்கும்.

கலப்பினக் குஞ்சைச் சிறுவிடை என்று சொல்லி இரண்டு மடங்கு விலைக்கு விற்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய மோசடி. ஒரு மாதக் குஞ்சில் வித்தியாசம் கண்டுபிடிப்பது அனுபவசாலிக்கே சிரமம். காலின் பருமன், வளரும் வேகம் பார்த்து ஓரளவு சொல்லலாம். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி, குஞ்சின் அம்மாவையும் அது இட்ட முட்டையையும் பார்ப்பது. விற்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் வேற தோட்டத்துல இருக்கு" என்று பதில் வந்தால் கிளம்பிவிடலாம்.

இந்த அண்ணன் கேட்பதற்கு முன்பே காட்டினார். அதற்கு முன்னால் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டார். வீட்டில் ஏற்கனவே கோழி இருக்கிறதா, ஏதாவது செத்ததா, வரும் வழியில் கோழிக்கடைக்குப் போனீர்களா என்று. கேட்டில் சுண்ணாம்புத்தூள் பரப்பி, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீர்த் தட்டு வைத்திருக்கிறார்கள். செருப்போடு அதில் கால் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குஞ்சுக் கொட்டகைக்குள் யாரையும் விடுவதில்லை, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியதுதான். வந்தவரை உள்ளே விடவில்லை என்று இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. தினம் நான்கு பேர் நான்கு ஊரிலிருந்து வரும் இடத்தில், யார் காலில் எந்தச் சீக்கு ஒட்டிக்கொண்டு வருகிறதோ. எல்லோரையும் உள்ளே விட்டுக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லும் பண்ணைதான் எனக்குப் பயம் தருகிறது.

தாய்க்கோழிகள் புளியமரத்து நிழலில் மேய்ந்துகொண்டிருந்தன. மூன்று கூட்டமாகப் பிரித்து வளர்க்கிறார்கள். கூட்டத்துக்கு ஒரு நிறத்தில் காலில் பிளாஸ்டிக் வளையம், எட்டு ஒன்பது பெட்டைக்கு ஒரு சேவல். சேவலை ஒரு வருஷத்துக்கு மேல் அதே கூட்டத்தில் வைப்பதில்லை, வேறு ஊரிலிருந்து மாற்றிக் கொண்டுவருகிறார். ஒரே கோழிக்குப் பிறந்ததையே மறுபடி மறுபடி ஜோடி சேர்த்துக்கொண்டு போனால் முட்டை பொரிக்காது, குஞ்சு கால் வளைந்து பிறக்கும் என்றார் அக்கா. புதிதாக வரும் சேவலைத் தோட்டத்தின் மறுகோடியில் பஞ்சாரம் போட்டு மூன்று வாரம் தனியாக வைத்துவிட்டுத்தான் சேர்க்கிறார்கள். அதற்குத் தீனி வைக்கும் ஆள் அக்கா மட்டும், அதுவும் மற்ற கோழிகளுக்கெல்லாம் வைத்து முடித்த பிறகுதான்.

பிறகு ஒரு பழைய டைரியைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் அக்கா கையெழுத்து. எந்தத் தேதியில் எத்தனை முட்டை அடை வைத்தது, ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் கூமுட்டை எத்தனை, இருபத்தொன்றாம் நாள் பொரித்தது எத்தனை, செத்தது எத்தனை, ஏன் செத்தது. "மின்சாரம் போச்சு", "எறும்பு", "காரணம் தெரியல" என்று அப்படியே எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பண்ணைமீது நம்பிக்கை வந்தது. எங்கள் பதிவேட்டிலும் நல்ல எண்ணிக்கையை எழுதுவது யாருக்கும் சுலபம். இறப்பை மறைக்காமல் எழுதுகிறவர்களின் பதிவேட்டைத்தான் நம்பலாம்.

இனி தடுப்பூசி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாட்டுக்கோழிக்குச் சீக்கே வராது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட், வந்தால் நாடும் கலப்பும் அதற்கு ஒன்றுதான். வந்த பின் மருந்து கிடையாது, முன்கூட்டிப் போட்டால்தான் உண்டு. வழக்கமான அட்டவணை இது: ஏழாம் நாளையொட்டி வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா மருந்தோ எஃப் வகை மருந்தோ கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. பதினான்காம் நாள், குஞ்சின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் கம்போரோ நோய்க்கான மருந்து. இருபத்தெட்டாம் நாளையொட்டி மறுபடி லசோட்டா. எட்டாம் வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கே இறக்கையில் ஊசி. அம்மைக்குத் தனி ஊசி.

சிக்கல் எங்கே என்றால், இந்த மருந்துக் குப்பி சிறியதே 100 டோஸ். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். பன்னிரண்டு குஞ்சு வைத்திருப்பவர் 100 டோஸ் வாங்கி என்ன செய்வார்? வாங்கமாட்டார். ஒரு நாள் குஞ்சாக வாங்கிக்கொண்டு போகும் நம்மைப் போன்றவர்களின் வீட்டில் தடுப்பூசி விடுபட்டுப் போவது இதனால்தான், அலட்சியத்தால் மட்டும் இல்லை. எனவே ஐந்தாறு வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்ள முடியாதவர்கள், ஒரு மாதக் குஞ்சாக வாங்குவதே சரி. ஆதரவற்ற பெண்களுக்குப் பாதி மானியத்தில் கோழி தரும் அரசுத் திட்டத்திலும் நான்கு வார வயதுக் குஞ்சுதான் தருகிறார்கள்.

அண்ணன் ஒரு மாதத்துக்குக் குறைந்த குஞ்சைப் புதிதாக வளர்ப்பவர்களுக்கு விற்பதில்லை. கூடுதல் காசு தருகிறேன் என்று எனக்கு முன்னால் ஒருவர் வற்புறுத்தினார். "ஒரு மாசம் பொறுங்க, மூணு மருந்தும் போட்டு நானே தர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மருந்தைத் திண்டுக்கல்லிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்துத்தான் கொண்டுவருகிறார். ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்காமல் நடுத்தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வைத்திருந்தார். நான் பார்த்தபோது 5 டிகிரி காட்டியது. தடுப்பு மருந்துக்கு 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் போடும் மருந்துக்கும் கணக்கு அதுதான், கலக்கிய எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) தடுப்பூசிக்கு நாங்கள் நான்கு மணி நேரம் கெடு வைப்போம். இருபத்தெட்டாம் நாள் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பதற்கு, குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, கொழுப்பு நீக்கிய பால்பவுடரும் சேர்க்கிறார். குளோரின் பட்டால் மருந்து வீணாகிவிடும். இதையெல்லாம் படிப்பில் கற்றுக்கொண்டவரா என்றால் இல்லை, கால்நடை மருந்தக டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் கடைப்பிடிக்கிறவர்.

குஞ்சோடு ஓர் அட்டை தருகிறார்கள். பொரித்த தேதி, எந்த வளையக் கூட்டம், போட்ட மருந்துகள், தேதி, மருந்துக் குப்பியின் பேட்ச் எண். பேட்ச் எண் எழுதிய கோழி அட்டையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எடுக்கும்போது என்ன பார்ப்பது? கண் பளிச்சென்று இருக்க வேண்டும், மூக்கில் நீர் கூடாது, மூச்சில் கரகரப்பு கூடாது. பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் அந்தக் குஞ்சு வேண்டாம், அதன் கூட்டமே வேண்டாம். தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும் வேறொரு கழிச்சல் நோயும் உண்டு, அதைத் தடுப்பூசி தடுக்காது. தாய்க்கோழிகளின் ரத்தத்தைச் சோதித்து நோயுள்ளதைக் கழிப்பது ஒன்றுதான் வழி. ஒரு நாள் குஞ்சாக வாங்குபவர்கள் தொப்புளைப் பாருங்கள், ஈரமாகவோ கறுப்பாகவோ இருக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்தால் சட்டென்று புரண்டு எழ வேண்டும். அக்கா இதை என் கண் முன்னால் ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டைத் தானே ஒதுக்கி வைத்தார்.

வாங்கி வந்த முதல் வாரத்தில் ஒரு குஞ்சு ஒரு காலைத் தாங்கி நடந்தது. வீடியோ அனுப்பினேன். மறு பேச்சு இல்லாமல் வேறு தருவதாகச் சொன்னார். நொண்டியதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை வாங்கித் திரும்பக் கொட்டகையில் விடவில்லை, பஞ்சாரத்துக்குக் கொண்டுபோனார். "உங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தது, இனி அது வெளிக்கோழிதான்" என்றார். மாற்றித் தந்ததைவிட இந்த ஒன்று எனக்குப் பெரிதாகப் பட்டது. செத்துப்போனால் புதைப்பதற்கு முன் திண்டுக்கல்லில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்கிறார். அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வார்கள், மற்ற கோழிகளைக் காப்பாற்றலாம். ஊரில் பலருக்கு இப்படி ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாது.

பிப்ரவரி முதல் இரண்டு வாரம் கால்நடைத் துறை கோழிக்கழிச்சல், அதாவது வெள்ளைக்கழிச்சல், தடுப்பூசி முகாம் நடத்துகிறது, இலவசம். என் கோழிகளுக்கு இறக்கை ஊசி அங்கேதான் போட்டேன். அந்த மாசியில் எங்கள் தெருவில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் பாட்டியின் கூண்டில் ஒரு வாரத்துக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. முட்டை விற்றுத்தான் அவர் மாத்திரை வாங்குவார். பேரப்பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது செய்வதும் அந்தக் காசில்தான். என் கோழிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. சந்தோஷப்பட முடியாத ஒரு நிம்மதி அது. அதற்கடுத்த முறை அண்ணனிடம் பாட்டிக்கும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். இப்போது எங்கள் தெருவில் ஏழு வீடு சேர்ந்து ஒரே குப்பியில் போட்டுக்கொள்கிறோம்.

குறைகளும் உண்டு. முதலாவது காத்திருப்பு. கத்திரி வெயிலில் அடை வைப்பதையே நிறுத்திவிடுகிறார்கள், அந்தச் சூட்டில் பொரிப்பு குறையும் என்பதால். ஆடி பிறந்து நாளாகும் வரை கேட்டும் பிரயோஜனம் இல்லை. போனைப் பாதி நேரம் எடுக்கமாட்டார்கள், வாட்ஸ்அப்பில் குரல்பதிவு போட்டால் இரவு பதில் வரும். சேவல், பெட்டை உறுதி கிடையாது. ஒரு மாதத்தில் கொண்டை பார்த்து ஊகித்துத் தருகிறார்கள், எனக்கு வந்ததில் சேவல் கொஞ்சம் கூடுதல். ரசீது தருவதில்லை. கால், இறக்கை முடங்கிப்போகும் மாரெக் நோய்க்கான ஊசி போடுவதில்லை. பொரித்த அன்றே போட வேண்டிய ஊசி அது, பெரிய குஞ்சுப் பொரிப்பகங்களில்தான் வழக்கம். முட்டை வழியாக வரும் அந்தக் கழிச்சல் நோய்க்காகத் தாய்க்கோழிகளுக்கு ரத்தப் பரிசோதனையும் இதுவரை செய்யவில்லை. இந்த இரண்டையும் அவர்களிடமே சொன்னேன். பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்பதாக அக்கா டைரியில் குறித்துக்கொண்டார்கள்.

விலை சந்தையைவிடக் கூடுதல்தான். ஒரு மாதக் குஞ்சுக்கு 140 ரூபாய் கொடுத்தேன், அதே வாரம் வெளியில் 90, 100 என்று கேட்டார்கள். மூன்று மருந்து, ஒரு மாதத் தீனி, அடைகாப்புக் கொட்டகையின் பல்பு கரண்டு எல்லாம் அந்த 140-க்குள் அடக்கம். எனக்கு அது நியாயமான விலை. விடைக்கோழியாக, முட்டைக்கு வரும் பருவத்தில் வேண்டும் என்றால் தருவதில்லை. அவற்றைத் தாய்க்கோழிகளுக்கு மாற்றாகத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கே "வளர்த்துத் தாருங்கள், திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற பேச்சே கிடையாது. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது என்று கொங்குப் பக்கம் கேட்டால் சொல்வார்கள். மாதாமாதம் இவ்வளவு நிச்சயம், திரும்ப வாங்குவது எங்கள் பொறுப்பு என்ற பேச்சு அப்போதும் இருந்தது. இன்றைக்கும் நாட்டுக்கோழி, கடக்நாத் கருங்கோழி என்று அதே வார்த்தைகளோடு ஆட்கள் வருகிறார்கள். இந்த அண்ணன் விற்பது குஞ்சு மட்டும்தான். நான் 30 குஞ்சு கேட்டபோதும் கூண்டின் நீள அகலத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்குப் பன்னண்டு போதும் நர்சம்மா" என்று 12-க்கு மேல் தரவில்லை.

போகிறவர்கள் சாயங்காலம் வெயில் தாழ்ந்து போங்கள். பக்கவாட்டில் ஓட்டை போட்ட புது அட்டைப்பெட்டி எடுத்துப் போங்கள், பழைய கோழிப்பெட்டி கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அங்கே கொடுக்கும் தீனியில் ஒரு கிலோ கேட்டு வாங்கி வந்து, முதல் வாரம் அதோடு கம்பு நொய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். அட்டையைப் பத்திரமாக வையுங்கள், இறக்கை ஊசி எந்த வாரம் வருகிறது என்று பென்சிலில் குறித்தே தருகிறார்கள். ஆவணிக்கு நான் மறுபடி சொல்லிவைத்திருக்கிறேன், இந்த முறை பச்சை வளையக் கூட்டத்துக் குஞ்சு.